டயாலிசிஸ் யூனிட்டுக்கு மாறியிருக்கிறேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் கை கால் ஓடவில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காவிரிக்கரை_சிஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். சில வருடம் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு இப்போதுதான் டயாலிசிஸுக்கு வந்திருக்கிறேன். ஐ.சி.யூ.வையே பார்த்தாச்சு, இதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்ற நினைப்போடுதான் வந்தேன்.

காலை 6, 11, மாலை 4 என்று மூன்று ஷிப்ட். ஒரு ஆளுக்கு 4 மெஷின், லீவு விழுந்தால் 5. ஓடிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. பத்தரை மணி ஆகிவிட்டால் போதும், நாலு பேருக்கும் ஒன்றாக முடியும். ஒருவருக்கு ரத்தத்தைத் திரும்ப ஏற்றும்போதே பக்கத்து மெஷின் கத்தும். இன்னொருவருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றும். அடுத்த ஷிப்ட்காரர்கள் கதவைத் திறந்து "சிஸ்டர், என் மெஷின் ரெடியா?" என்பார்கள். சீனியர்கள் ஒருவரை மெஷினிலிருந்து இறக்கி அடுத்தவரை 20 நிமிடத்தில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப் போல இரண்டு மடங்கு ஆகிறது. "இன்னும் கொஞ்சம் ஸ்பீடு வேணும்மா" என்று இன்சார்ஜ் தினமும் சொல்கிறார்.

யாரைக் கேட்டாலும் "பழகிடும்" என்கிறார்கள். எது பழகும், எப்படிப் பழகும் என்று யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

கோவை_ரெனல்

பழகிடும். :)

சும்மா சொன்னேன், கோபப்படாதீர்கள். சாயங்காலம் வந்து விவரமாக எழுதுகிறேன்.

பழைய_டெக்னீஷியன்

அந்த 20 நிமிடத்தை முதலில் கூட்டிப் பார்ப்போம்மா. ரத்தம் திரும்ப ஏற்ற 5 நிமிடம். ஊசி எடுத்த இடத்தை ஒழுங்காக அழுத்திப் பிடித்தால் 10 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்கக்கூடாது. உட்காரவைத்து பிபி, நிற்கவைத்து பிபி, எடை. பேஷன்ட் எழுந்து போன பிறகுதான் மெஷினின் வெளிப்பக்கம், நாற்காலி, பிபி கஃப் எல்லாம் துடைக்க வேண்டும், மருந்து காயவும் வேண்டும். அப்புறம் புது லைன் (ரத்தம் ஓடும் குழாய்), செல்ஃப் டெஸ்ட், பிரைமிங் (லைனில் சலைன் ஓட்டிக் காற்றை வெளியேற்றுவது). அதற்கே 15, 20 நிமிடம் போய்விடும். இதையெல்லாம் ஒரே ஆள் 20 நிமிடத்தில் முடிக்கிறார் என்றால், ஒன்று பக்கத்தில் இன்னொரு கை உதவுகிறது, இல்லாவிட்டால் ஏதோ ஒன்று விட்டுப் போகிறது. உங்கள் சீனியர்களில் யார் எந்த வகை என்று சத்தமில்லாமல் கவனியுங்கள். முதல் வகையிடம் தொழில் கற்றுக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் கை வேகத்தால் மிச்சமாகும் நேரம் ரொம்பக் கொஞ்சம். பத்தரை மணிக்குச் செய்யும் வேலையில் பாதியை ஒன்பது மணிக்கே தள்ளிவிடலாம். அடுத்த ஷிப்ட் ஆட்களுக்கு டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்), லைன், ஊசி, பிளாஸ்டர், சலைன் எல்லாவற்றையும் ஆளுக்கொரு டிரேயில் பெயர் எழுதி, பேஷன்ட்கள் பக்கம் கொண்டுபோகாமல் சுத்தமான மேசையில் எடுத்து வையுங்கள். இரும்புச்சத்து ஊசி இருந்தால் கடைசி நிமிடம் வரை காத்திருக்காமல் டாக்டர் சொன்ன நேரத்திலேயே முடித்துவிடுங்கள். ஹெபரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு சார்ட்டிலும் காலையிலேயே குறித்து வையுங்கள். முடியும்போது எழுத வேண்டிய எடை, பிபி தவிர மற்றதையெல்லாம் ஒன்பதரைக்குள் எழுதிவிடலாம்.

இன்னொன்று. நாலு பேருக்கும் ஒன்றாக முடிகிறது என்றால் நாலு பேரையும் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். காலையில் ஆளுக்கு 10, 15 நிமிடம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் நிற்காத ஆளையும், எழுந்தால் பிபி இறங்குகிற ஆளையும் முதலில் போடுங்கள். அவருக்கு முடிந்த பிறகு உட்காரவைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

எதை வேண்டுமானாலும் வேகமாகச் செய்யுங்கள், இவற்றைத் தவிர: எடை பார்த்து யூ.எஃப். (மெஷின் உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய நீரின் அளவு) போடுவது, ரீயூஸ் டயலைசர் (அதே ஆளுக்குக் கழுவி மறுபடி பயன்படுத்துவது) என்றால் பெயர் சரிபார்ப்பதும் கிருமிநாசினி மிச்சம் இருக்கிறதா என்று ஸ்ட்ரிப்பில் பார்ப்பதும், வீனஸ் லைன் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாய்) காற்றுக் குமிழியைக் கண்டுபிடிக்கும் ஏர் டிடெக்டரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது, ஊசிக்குப் பிளாஸ்டர் ஒட்டுவது. "சீக்கிரம்" என்று யார் சொன்னாலும் இங்கே காது கேட்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை_சிஸ்டர்

நன்றி அண்ணா. டிரே விஷயம் நாளையே செய்யலாம். தள்ளித் தள்ளிப் போடுவதுதான் கஷ்டம். மணப்பாறை, துறையூர் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்குகிறார்கள். ஒருவரைப் போட்டுவிட்டு மற்றவரைக் காக்கவைத்தால், "அவருக்கு மட்டும் என்ன முதல் மரியாதை?" என்று சண்டை வருகிறது.

நாற்காலி_எண்_7

நான் செவிலியர் இல்லை, பேஷன்ட். வாரம் மூன்று நாள் வருகிறவன். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

அந்தச் சண்டையைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு மரியாதைப் பிரச்சினை கிடையாது, பஸ் பிரச்சினை. பதினொன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்கு. சாப்பாடு வீட்டில், கூட வந்தவருக்குப் பாதி நாள் கூலி போய்விட்டது. யாருக்கு எந்த பஸ் என்று கேட்டு, அதை வைத்து வரிசை போட்டு, சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கள் யூனிட்டில் அப்படிச் செய்த பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவரை எதற்கு முதலில் போடுகிறீர்கள் என்று தெரிந்தால் நாங்களே விட்டுக்கொடுப்போம்.

புது சிஸ்டர் என்பது எங்களுக்குக் கை பட்டதுமே தெரிந்துவிடும். ஊசி போட நேரம் எடுத்துக்கொண்டால் ஒருவரும் கோபப்பட மாட்டோம். தடவிப் பார்த்து, யோசித்துப் போடுகிற ஆளைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். அவசரத்தில் குத்தி, கை வீங்கி, ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

இன்னொன்று, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவசர நாளில் நாலு மணி நேரம் மூணே முக்கால் ஆகும், மூணு நாற்பது ஆகும். "முடிச்சிடலாமா ஐயா?" என்று கேட்டால் நாங்களும் சந்தோஷமாகத் தலையாட்டுவோம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் அல்லவா. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடவைக்கு 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம். வருடத்துக்கு 52 மணி நேரம். நாலு மணி நேரத்தால் வகுத்தால் 13 டயாலிசிஸ். வருடத்தில் 13 டயாலிசிஸுக்கு நான் வராமலே இருந்த மாதிரி! அதிலிருந்து யார் கேட்டாலும் தலையாட்டுவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள் சிஸ்டர், ப்ளீஸ்.

வவுனியா_தாதி

தங்கச்சி, நான் வவுனியாப் பக்கம் ஒரு அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். இங்கு எங்களிடம் வருகிறவர்களில் கன பேர் வயல் செய்கிற ஆட்கள். நீரிழிவும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. காரணம் இன்னதென்று உறுதியாகத் தெரியாத அந்த வருத்தம் (நோய்) வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்தே பேசப்படுகிறது, எங்கள் பக்கமும் இருக்கிறது. அவர்களும் விடியற்காலை பஸ்ஸில்தான் வந்து இறங்குவார்கள். ஆகவே உங்கள் பத்தரை மணி எனக்கு நன்றாக விளங்குகிறது.

நாட்களைப் பிரித்துப் பாருங்கள். திங்கள், புதன், வெள்ளி வருகிறவருக்குத் திங்கட்கிழமை இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வருகிறது. செவ்வாய், வியாழன், சனி ஆட்களுக்கு அது செவ்வாய். நீரும் கூடியிருக்கும், பொட்டாசியமும் கூடியிருக்கும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிற அந்த நாளில்தான் ஆபத்து அதிகம் என்பது தெரிந்த விஷயம். உங்களுக்குத் திங்கள், செவ்வாய் மட்டும் வேலை மலைபோலத் தெரிந்தால் அது உங்கள் கை வேகத்தின் குறை இல்லை. கூடுதல் ஆள் கேட்பதென்றால் அந்த இரண்டு நாளுக்குக் கேளுங்கள். ஏழு நாளுக்கும் கேட்டால் ஒரு நாளுக்கும் தர மாட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி குணமாகிப் போவார், அல்லது இறந்து போவார். இங்கு அதே ஆள், அதே கதிரை, வருடக்கணக்காக. மகளுக்குக் கலியாணம் என்றால் எங்களுக்கும் பலகாரம் வரும். பிறகு ஒரு நாள் அவர் வர மாட்டார். அடுத்த கிழமை அந்த இடத்தில் புது ஆள் படுத்திருப்பார், காத்திருப்போர் பட்டியல் அவ்வளவு நீளம். எனக்கு மெஷினின் வேகத்தைவிட இதைப் பழகத்தான் நாள் எடுத்தது. எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: யாராவது இறந்தால் அன்று தேநீர் நேரத்தில் அவரைப் பற்றிக் கதைப்போம். சும்மா கதைதான், ஆனால் தேவையான கதை.

கோவை_ரெனல்

சொன்னபடி வந்துவிட்டேன். பழைய அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பத்தரை மணி நெருக்கடியில் ஒரு பங்கு காலை ஆறு மணிக்கே தயாராகிவிடுகிறது. யூ.எஃப். கணக்கில்தான்.

ட்ரை வெயிட் (கூடுதல் நீர் இல்லாத எடை) 60 கிலோ உள்ளவர் 3 கிலோ ஏறி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்துக்கு மணிக்கு 750 மில்லி. 60-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 12.5. பொதுவாகச் சொல்லும் வரம்பு மணிக்கு, கிலோவுக்கு 13 மில்லி. சரி, உள்ளேதான் இருக்கிறோம். ஆனால் ரத்தத்தைத் திரும்ப ஏற்றும் சலைன், நடுவில் அவர் குடிக்கும் டீ என்று 300 மில்லி சேர்த்து 3.3 லிட்டராகப் போடுகிறீர்கள். இப்போது 13.75. வரம்பு தாண்டியாச்சு. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பிபி இறங்கும். யூ.எஃப். நிறுத்தி, காலைத் தூக்கி, 100, 200 மில்லி சலைன் ஓடவிட்டு, பக்கத்திலேயே நிற்க வேண்டும். அது சரியாக நீங்கள் டிரே எடுத்து வைக்க நினைத்த நேரம்! கொடுத்த சலைனையும் மறுபடி எடுக்க வேண்டும், நேரமும் போச்சு.

எனவே வரம்பு தாண்டும் ஆளை முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நேரத்தைக் கூட்டலாமா, இன்று கொஞ்சம் விட்டுவிட்டு அடுத்த முறை எடுக்கலாமா என்பது அவர் முடிவு. பொங்கல், தீபாவளிக்கு மறுநாள் எங்கள் யூனிட்டில் எல்லோருக்குமே இதே கதைதான். கோடையில் இளநீர். "ஒண்ணே ஒண்ணுதான் சிஸ்டர்" என்பார்கள். தண்ணீரோடு பொட்டாசியமும் வந்து சேரும்.

அலாரத்துக்கு ஒரே விதி: ம்யூட் அமுக்கும் முன்னால் கையைப் பாருங்கள், திரையை அப்புறம் பாருங்கள். ஆர்ட்டீரியல் பிரஷர் (உடம்பிலிருந்து ரத்தத்தை இழுக்கும் பக்கத்து அழுத்தம்) ரொம்ப மைனஸில் போனால் லைன் மடங்கியிருக்கலாம், ஊசி முனை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கலாம், பிபி இறங்கியிருக்கலாம். வீனஸ் ஏறினால் மடிப்பு, கட்டி, அல்லது ஊசி வெளியே போய்க் கை வீங்குவது. முக்கால்வாசி பதில் கையிலேயே கிடைத்துவிடும்.

மூன்றாவது_ஷிப்ட்

எல்லோரும் நல்ல ஐடியாதான் சொல்கிறீர்கள். ஆனால் ஒருவராவது 5 மெஷினுக்கு ஒரு ஆள் என்பதே தப்பு என்று சொல்கிறீர்களா? எப்படிச் சமாளிப்பது என்று நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, நாமே சமாளித்தும் காட்டுகிறோம். நிர்வாகம் என்ன நினைக்கும்? ஓடுகிறதே, பிறகு எதற்கு ஆள் என்றுதான். டிரே எடுத்து வைக்கும் அரை மணி நேரத்தில் அந்த 5 பேரை யார் பார்ப்பது?

நான் விட்டுவிட்டு வந்த இடத்தில் கடைசி ஷிப்ட் முடிய இரவு பத்து தாண்டும். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஆர்.ஓ. பிளான்ட் (டயாலிசிஸ் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி) போட்டு, தண்ணீரில் குளோரின் பார்க்க அதே ஆள் நிற்க வேண்டும். குளோரின் இருந்தால் ரத்த அணுக்கள் உடையும் என்று தெரிந்த டெஸ்டைத் தூக்கக் கலக்கத்தில் செய்வது எவ்வளவு பெரிய விஷயம்! இதற்கு என்ன டிரே இருக்கிறது?

பழைய_டெக்னீஷியன்

தம்பி சொல்வது நியாயம். ஆனால் நாளைக் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் அதே 4 மெஷின் முன்னால் நின்றாக வேண்டும். நிர்வாகம் திருந்தும் வரைக்கும் அவருக்கு என்ன சொல்வது?

மூன்றாவது_ஷிப்ட்

எழுதி வைக்கச் சொல்வேன் அண்ணா. எந்த நாள், எத்தனை மெஷின், எத்தனை ஆள், யாருக்கு எவ்வளவு நேரம் குறைந்தது, எந்த அலாரத்துக்கு எவ்வளவு நேரம் யாரும் வரவில்லை. வாயால் சொன்னால் புகார், எழுத்தில் இருந்தால் ஆதாரம்.

இன்சார்ஜ்_ஒருத்தி

இந்த இழையில் எல்லோரும் இன்சார்ஜைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பீர்கள், பரவாயில்லை. "ஸ்பீடு வேணும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு மேலே இருப்பவர்கள் கேட்பது ஒரே எண்: இன்று எத்தனை டயாலிசிஸ்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறவர்களின் பேப்பர் வேலையும் அதே ஸ்டாஃப் தலையில்தான் விழுகிறது. அதை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

மூன்றாவது ஷிப்ட் சொன்னது எங்களிடம் பலித்தது. ஸ்டாஃப் எழுதித் தந்த நேரக் குறிப்பை வைத்துக்கொண்டுதான் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு மட்டும் ஓர் அட்டெண்டர் கேட்டேன். எடை பார்ப்பது, துடைப்பது, பேஷன்ட்டைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவது அவர் வேலை. செவிலியர் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அட்டெண்டர் சம்பளம் குறைவு என்பதால் கிடைத்தது. சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

காவிரிக்கரை, உங்கள் இன்சார்ஜிடம் "ஸ்பீடு எங்கே வேணும் மேடம், இறக்கும்போதா, துடைக்கும்போதா, போடும்போதா?" என்று நேராகக் கேளுங்கள். அவரிடமும் பதில் இருக்காது. சேர்ந்து பார்க்க வேண்டி வரும்.

காவிரிக்கரை_சிஸ்டர்

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. டிரே உதவுகிறது. பஸ் நேர வரிசையையும் ஒட்டிவிட்டோம். நாற்காலி எண் 7 ஐயா, உங்களுக்கு ஒரு கும்பிடு. முதல் நாள் ஒருவர் முணுமுணுத்தார், இப்போது அவரே மற்றவர்களுக்கு விளக்குகிறார். சீனியர்களில் ஒருவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைப்பவர். இன்னொருவர் அழுத்திப் பிடிக்கும் நேரத்தை மிச்சம் பிடிப்பவர், அவர் பேஷன்ட்களுக்குத்தான் வாசலில் கட்டு நனைகிறது. இன்சார்ஜிடம் இன்னும் கேட்கவில்லை.

இப்போது பெரிய பயம் ஊசிதான். சீனியர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் போடுகிறார்கள், அங்கே தோல் மெலிந்து புடைத்திருக்கிறது. பேஷன்ட்டும் "அங்கேயே போடுங்க, வலிக்காது" என்கிறார். நேரமும் மிச்சம். நான் வேறு இடம் தேடினால் எல்லோருக்கும் எரிச்சல்.

பழைய_டெக்னீஷியன்

எரிச்சல் வரட்டும். ஒரே பகுதியில் குத்திக்கொண்டே இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகி அனியூரிசம் (பலூன் போல வீங்குவது) ஆகும். உடைந்தால் நிமிடத்தில் உயிர் போகும். தோல் பளபளவென்று மின்னினால், பொருக்கு ஆறாமல் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஏணிப்படி முறையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து போடுங்கள். ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த குழாய்) தைத்த இடத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி, இரண்டு ஊசி முனைக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி. முதலில் விரலால் அதிர்வைத் தொட்டுப் பாருங்கள், ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதிர்வு இல்லாவிட்டால் ஊசி எடுக்கவே வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். புது ஃபிஸ்டுலாவுக்கு நீங்களாக முதல் ஊசி போட வேண்டாம். கூட்டமில்லாத ஷிப்டில், கை தேர்ந்தவர் 17 கேஜ் (மெல்லிய) ஊசியால் தொடங்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நாற்காலி_எண்_7

குளிருகிறது என்று நாங்கள் கையைப் போர்வைக்குள் விடுவோம். தயவுசெய்து திட்டுங்கள்.

கோவை_ரெனல்

ஐயா சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீனஸ் ஊசி நழுவினால் பம்ப் நிற்கும் வரை ரத்தம் வெளியேதான் போகும். நிமிடத்துக்கு 300 மில்லி வேகத்தில் 4 நிமிடத்தில் 1,200 மில்லி. ஊசி வெளியே வந்தாலும் பிரஷர் அவ்வளவாக இறங்காமல், அலாரம் கத்தாமலே இருந்துவிடலாம். கை எப்போதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

காவிரிக்கரை_சிஸ்டர்

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒரு கேள்வி. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் பேஷன்ட்களுக்குத் தனி அறை, தனி மெஷின். அடுத்த வாரம் என்னை அங்கே போடப் போகிறார்களாம். காலேஜில் படிக்கும்போது தடுப்பூசி போட்டது, எத்தனை டோஸ் என்று ஞாபகம் இல்லை. போதுமா?

இன்சார்ஜ்_ஒருத்தி

போதாது. ஆன்டி-ஹெச்.பி.எஸ். டைட்டர் (தடுப்பூசியால் வந்த எதிர்ப்புச் சக்தியின் அளவு) பாருங்கள், 10-க்கு மேல் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் டாக்டரிடம் காட்டி ஊசியைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். முழு கோர்ஸ் என்றால் 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ், முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி டைட்டர். ரிப்போர்ட் வரும் வரை அந்த அறை டியூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம், அங்கே போனால் அந்த ஷிப்ட் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும். ஆள் குறைகிறது, இந்தப் பக்கம் ஒரு மெஷின் பாரும்மா என்று கூப்பிட்டால் வராதீர்கள், உங்கள் இன்சார்ஜே கூப்பிட்டாலும்.